ஸ்டெப் எழுதாத குரங்கு!

குழந்தைகளே, முதலில் ஒரு சின்னப் புதிர். கோபுவைவிட பாபு உயரம். பாபுவைவிட சேது உயரம். அப்படியானால் கோபு, சேது இருவரில் யார் உயரம்?

'சேது' என்று சொல்லிவிட்டீர்கள், இல்லையா? கேள்வியை முழுசாகப் படிப்பதற்கு முன்பே சிலர் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கோபுவையும் சேதுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நான் காட்டவே இல்லையே! பார்க்காத ஒன்றை எப்படிச் சொன்னீர்கள்? இதைக் கேட்டால் மட்டும் பலர் திருதிருவென்று விழிப்பீர்கள். "அது வந்து... அப்படித்தான்" என்பீர்கள்.

நானும் அப்படி ஒருநாள் விழித்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு. அரிசி மூட்டை, உளுந்து மூட்டை, உப்பு மூட்டை என்று ஐந்து மூட்டைகள். எதைவிட எது கனம் என்று துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சேர்த்துச் சொல்லாத இரண்டு மூட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். விடையை மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஸ்டெப் எங்கேடா?" என்றார் ஆசிரியர்.

"தெரியலை சார். தோணிச்சு, எழுதினேன்."

"தோணிச்சா? பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்து எழுதிட்டுக் கதையா விடறே?"

அந்தப் பீரியட் முழுவதும் பெஞ்ச் மேல் நின்றேன். பக்கத்தில் இருந்தவன் எழுதியிருந்தது தப்பான விடை என்பதை யாரும் பார்க்கவில்லை. அதை எடுத்துச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

அந்தக் கோபம் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது அல்ல, குரங்குகளைப் பற்றியது. குரங்குக்கும் இதே புதிரைப் போட்டிருக்கிறார்கள். அதுவும் சரியாக விடை சொல்லியிருக்கிறது. அதனாலும் ஸ்டெப் எழுத முடியாது! அப்படியானால் அது நிஜமாகவே யோசித்ததா, இல்லை ஏதோ குருட்டாம்போக்கில் சொன்னதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விஞ்ஞானிகள் இதற்காகப் பல வருடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த முறையை நம் வகுப்பறைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

குரங்குக்குப் போவதற்கு முன், உங்களைப் போன்ற குழந்தைகளின் கதை ஒன்று இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்று ஒரு பெரிய அறிஞர் இருந்தார். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். கோபு-பாபு-சேது மாதிரியான கேள்விகளை ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை என்று அவர் கண்டார். அந்த வயதில் மூளைக்கு அந்தத் திறமை வருவதில்லை என்று முடிவு கட்டினார். உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் இது ஏறிவிட்டது.

1971இல் பீட்டர் பிரையன்ட், டாம் டிராபாஸோ என்ற இரண்டு பேருக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'குழந்தைக்கு யோசிக்கத் தெரியவில்லையா, அல்லது நாம் முதலில் சொன்னதை அது மறந்துவிட்டதா?' நியாயமான சந்தேகம்தானே! 'கோபுவைவிட பாபு உயரம்' என்பதே மறந்துபோனால், அடுத்த கேள்விக்கு எப்படி விடை வரும்?

அவர்கள் ஐந்து நிறக் குச்சிகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தும் வேறு வேறு நீளம். ஆனால் குச்சியின் நுனி மட்டும் வெளியே ஒரே அளவு தெரியும்படி ஒரு பெட்டிக்குள் செருகி வைத்தார்கள். பார்த்து நீளம் சொல்ல முடியாது; நிறத்தை நினைவு வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த குச்சிகளில் எது நீளம் என்பதைக் குழந்தைகளுக்கு நன்றாக மனசில் பதியும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு, சேர்த்துக் காட்டாத இரண்டு குச்சிகளைப் பற்றிக் கேட்டார்கள். நாலு வயதுக் குழந்தைகள்கூடப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்!

ஆக, 'தெரியாது' என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி கேட்ட விதத்தில்தான் கோளாறு.

சரி, என் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். சரியான விடை வந்துவிட்டது என்பதற்காகவே யோசித்துத்தான் வந்தது என்று நம்பிவிட முடியாது. ஜெர்மனியில் நூறு வருடங்களுக்கு முன் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. அதன் சொந்தக்காரர் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 'மூன்றும் நாலும் எத்தனை?' என்றால் ஹான்ஸ் காலால் ஏழு முறை தட்டும். ஊரே வேடிக்கை பார்த்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்து 1907இல் குட்டை உடைத்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! கேட்கிறவர் குதிரையின் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலையும் உடம்பும் அவரை அறியாமலே லேசாக அசையும். ஹான்ஸ் அந்த அசைவைப் பார்த்துக் காலை நிறுத்தியது. அதுவும் கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கணக்கு அல்ல.

அதனால் குரங்கை ஆராயப் போனவர்கள் உஷாராக இருந்தார்கள்.

1977இல் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 'குரங்குகளுக்கு தர்க்கம் தெரியுமா?' என்பதுதான் அதன் தலைப்பே. எழுதியவர்கள் பிரெண்டன் மெக்கோனிகல், மார்கரெட் சால்மர்ஸ். அவர்கள் தென்னமெரிக்காவின் அணில் குரங்குகளுக்கு நிறநிறமான டப்பாக்களைக் கொடுத்தார்கள். பிரையன்ட் குழந்தைகளுக்குப் போட்ட அதே ஐந்து பொருள் பரீட்சை. குச்சிக்குப் பதில் டப்பா, நீளத்துக்குப் பதில் கனம். அடுத்தடுத்த ஜோடிகளை மட்டும் பழக்கினார்கள். பழக்காத ஜோடியைக் காட்டியபோதும் குரங்குகள் சரியானதையே எடுத்தன.

பரீட்சை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இங்கேதான் சுவாரசியமே இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே படித்தால் நல்லது.

ஐந்து படங்கள் என்று வைத்துக்கொள்வோம். மயில், குடை, பூட்டு, கடிகாரம், படகு. இதுதான் ரகசிய வரிசை. மயில் முதலிடம், படகு கடைசி. குரங்குக்கு வரிசையைக் காட்டவே மாட்டார்கள். இரண்டு இரண்டு படமாகத்தான் காட்டுவார்கள். மயிலும் குடையும் வந்தால் மயிலைத் தொட வேண்டும். குடையும் பூட்டும் வந்தால் குடை. பூட்டும் கடிகாரமும் வந்தால் பூட்டு. கடிகாரமும் படகும் வந்தால் கடிகாரம். சரியாகத் தொட்டால் ஒரு வாய் தீனி கிடைக்கும். தப்பானால் ஒன்றும் கிடையாது. இப்போதெல்லாம் இதைத் தொடுதிரையில் செய்கிறார்கள். படம் காட்டுவதும் தீனி போடுவதும் கம்ப்யூட்டர். ஹான்ஸ் கதையில் வந்த மாதிரி தலையசைத்துக் காட்டிக்கொடுக்க அங்கே ஆள் கிடையாது.

இந்த நாலு ஜோடியும் பழகிய பிறகு, ஒருநாள் திடீரென்று குடையும் கடிகாரமும் சேர்ந்து வருகின்றன. குரங்கு இதுவரை பார்த்தே இராத ஜோடி! எதைத் தொடும்?

'மயிலையும் படகையும் காட்டினால் என்ன?' என்று யாராவது கேட்பீர்கள். அது சுலபமான கேள்வி. மயிலைத் தொட்டபோதெல்லாம் தீனி. படகைத் தொட்டபோது ஒருநாளும் தீனி இல்லை. மயில் நல்லது, படகு கெட்டது என்று தெரிந்தால் போதும், வரிசையே தேவையில்லை. குடை, கடிகாரம் அப்படியல்ல. குடை ஒரு ஜோடியில் சரி, இன்னொரு ஜோடியில் தப்பு. கடிகாரமும் அப்படியே. இரண்டும் சமமாகத் தீனி கொடுத்தவை, சமமாக ஏமாற்றியவை. தீனியை மட்டும் கணக்கு வைத்திருக்கும் குரங்கு இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். நாணயத்தைச் சுண்டிப் போட்ட மாதிரி பாதி தடவை குடை, பாதி தடவை கடிகாரம் என்று தொடும். வரிசை மனசில் இருக்கும் குரங்கு மட்டுமே குடையைத் தொடும்.

தொட்டதும் குடையைத்தான்!

இதை இன்னும் ஆழமாகத் தோண்டியவர்கள் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஹெர்பெர்ட் டெரஸ் என்ற பேராசிரியர், அவரோடு கிரெக் ஜென்சன், வின்சென்ட் ஃபெரேரா முதலியோர். டெரஸ் லேசில் விலங்குக்கு மார்க் போடுகிறவர் அல்ல. 1970களில் நிம் என்ற சிம்பன்ஸிக் குட்டியை வளர்த்துச் சைகை மொழி கற்றுக்கொடுத்தவர். நிம் வாக்கியமே பேசுகிறது என்று ஊர் கொண்டாடத் தயாராக இருந்தபோது, 1979இல் அவரே, 'வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது வாக்கியம் அல்ல. பெரும்பாலும் ஆசிரியரைப் பார்த்துத்தான் நிம் கை அசைக்கிறது' என்ற பொருள்பட எழுதினார். தன் சொந்தச் செல்லத்துக்கே ஃபெயில் போட்டவர்! அப்படிப்பட்டவர் குரங்குக்கு வரிசை தெரிகிறது என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

அவர் ஆராய்ந்தது ரீசஸ் குரங்குகளை. வட இந்திய ரயில் நிலையங்களிலும் கோவில்களிலும் சிவந்த முகத்தோடு திரியுமே, அதே இனம். 1998இல் எலிசபெத் பிரானனும் அவரும் ரோசன்கிரான்ட்ஸ், மக்டஃப் என்ற இரண்டு குரங்குகளுக்கு ஒன்று முதல் நாலு வரை உள்ள புள்ளிக் கூட்டங்களை ஏறுவரிசையில் தொடப் பழக்கினார்கள். (பெயர்கள் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருபவை. குரங்குக்கு இப்படிப் பெயர் வைக்க எத்தனை ஆசை பாருங்கள்!) பிறகு பழக்கவே பழக்காத ஐந்து முதல் ஒன்பது வரையிலான கூட்டங்களைக் காட்டினார்கள். அவற்றிலும் குரங்குகள் சின்னதிலிருந்து பெரியதற்குப் போயின.

இவர்கள் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கம்ப்யூட்டருக்குள் பொம்மைக் குரங்குகளை உண்டாக்கினார்கள்! கார்ட்டூன் பொம்மை என்று நினைக்காதீர்கள். வெறும் கணக்குதான். 'குரங்கின் மூளை இப்படி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது என்ன பதில் சொல்லும்?' என்று கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்ப்பது. பொம்மையும் நிஜக் குரங்கும் ஒரே இடத்தில் ஜெயித்து ஒரே இடத்தில் தடுமாறினால், நம் ஊகம் சரியாக இருக்கலாம். பொம்மை ஒரு பக்கமும் குரங்கு ஒரு பக்கமும் போனால், ஊகத்தைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

2015இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இரண்டு முக்கியமான பொம்மைகள். நமக்குப் புரிகிற மாதிரி நான் பெயர் வைக்கிறேன்.

முதலாவது 'மார்க் குரங்கு'. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மார்க் வைத்திருக்கும். தீனி கிடைத்தால் மார்க்கை ஏற்றும், கிடைக்காவிட்டால் குறைக்கும். இரண்டு படம் வந்தால் மார்க் அதிகமானதைத் தொடும். அவ்வளவுதான் அதன் மூளை.

இரண்டாவது 'கோட்டுக் குரங்கு'. இது மார்க் போடாது. மனசுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொள்ளும். பிரேயருக்கு நிற்பதுபோல் ஐந்து படங்களையும் அந்தக் கோட்டில் நிறுத்தும். முதலில் யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் எல்லாரும் அலைவார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு விடை சரியாக வந்துவிட்டால், எல்லாரும் நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் உறுதியாக நின்றுகொள்வார்கள். விடை தப்பானால் நகர்வார்கள். கூப்பிட்ட இரண்டு பேர் மட்டுமல்ல, அப்போது கூப்பிடாதவர்களும் சேர்ந்து நகர்வார்கள். அதுதான் இதில் விசேஷம். வரிசையில் ஒருவன் இடம் மாறினால் மற்றவர்களும் தள்ளி நிற்க வேண்டும் அல்லவா?

இரண்டு பொம்மைகளுக்கும் பரீட்சை வைத்தார்கள். பழக்காத, முக்கியமான ஜோடி வந்தபோது மார்க் குரங்கு நாணயம் சுண்டியது. கோட்டுக் குரங்கு சரியாகச் சொன்னது. நிஜக் குரங்குகளும் சரியாகச் சொன்னன. மனிதர்களையும் உட்கார வைத்தார்கள், அவர்களும் சரி. மொத்தத்தில் மார்க் குரங்கு மட்டும்தான் ஃபெயில்.

'குரங்கு எல்லாம் தீனிக்காகத்தான் செய்யும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். 2019இல் வெளியான சோதனையில் கொஞ்சம் குறும்பு செய்தார்கள். தீனியின் அளவைத் தலைகீழாக்கினார்கள். வரிசையில் கீழே இருக்கும் படத்தைச் சரியான சமயத்தில் தொட்டால் நிறையத் தீனி. மேலே இருக்கும் படத்தைச் சரியாகத் தொட்டால் கொஞ்சம்தான். கடிகாரம் வாரி வழங்கும் படம், குடை கஞ்சப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனியின் பின்னால் ஓடும் மூளையாக இருந்தால் கடிகாரத்தைத்தான் தொட வேண்டும். எத்தனை நாள் பழக்கினாலும் மார்க் குரங்கு வகைப் பொம்மைகளால் இதில் தேற முடியவில்லை. நிஜக் குரங்குகள் வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டன! தீனிக்குத்தான் வேலை செய்தன, சந்தேகமில்லை. ஆனால் எது அதிகத் தீனி கொடுத்தது என்பது ஒரு பக்கமும் எது வரிசையில் முந்தியது என்பது ஒரு பக்கமும் இழுத்தபோது, அவை வரிசையின் பக்கம் நின்றன.

அப்படியென்றால் குரங்கு உங்களைப் போல 'குடை பூட்டைவிட மேல், பூட்டு கடிகாரத்தைவிட மேல், எனவே...' என்று படிப்படியாக யோசிக்கிறதா? இல்லை போலிருக்கிறது. அப்படி ஒவ்வொரு படியாக ஏறினால், தூரமாக இருக்கும் படங்களுக்கு அதிகப் படி, அதிக நேரம், அதிகத் தப்பு என்றல்லவா ஆக வேண்டும்? நடப்பது தலைகீழ். வரிசையில் தள்ளித் தள்ளி இருக்கும் படங்களில்தான் குரங்குகள் நன்றாகச் செய்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றில்தான் தடுமாறுகின்றன, அந்த ஜோடிகளைத்தான் பழக்கியிருந்தும்கூட! மனசில் ஒரு கோடு இருந்து அதில் படங்கள் கொஞ்சம் மங்கலாக நின்றால் இப்படித்தான் ஆகும். பக்கத்தில் இருப்பவை ஒன்றோடொன்று கலந்து தெரியும். தூரத்தில் இருப்பவை கலக்காது.

மனிதர்களும் அப்படித்தான் என்பது இன்னொரு வேடிக்கை. 2, 9 இரண்டில் எது பெரிது என்று சொல்ல நமக்கு ஆகும் நேரத்தைவிட, 8, 9 இரண்டில் எது பெரிது என்று சொல்லக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. 1967இலேயே மோயர், லாண்டவர் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். எண் தெரிந்த, காலேஜ் படித்த பெரியவர்களுக்கே அப்படி! ஸ்டெப் எழுதும் நம் மூளைக்குள்ளும் ஸ்டெப் எழுதாத ஒரு கோடு இருக்கிறது.

குரங்குக்கு இது எதற்கு? காட்டில் அது மயில் படமும் குடைப் படமும் பார்க்கப் போவதில்லையே! ஆனால் காட்டில் வேறொரு வரிசை இருக்கிறது. யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை. ஒரு கூட்டத்தில் இருபது குரங்குகள் இருந்தால் மொத்தம் எத்தனை ஜோடி? 20 x 19 / 2. நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு ஜோடியிலும் யார் பெரியவர் என்று தனித்தனியாகச் சண்டை பார்த்து மனப்பாடம் செய்வதென்றால் நூற்றுத் தொண்ணூறு பாடம். வரிசையாக நிறுத்திக்கொள்ளத் தெரிந்தால் பத்தொன்பது ஜோடி போதும், மற்றவை தானாக வந்துவிடும். தப்பாக நினைத்துப் பெரிய குரங்கின் பழத்தில் கை வைத்தால் கடிதான் மிச்சம். அதனால் இதைக் கற்றுக்கொள்ளாத குரங்குக்கு வாழ்க்கை கஷ்டம்.

அழகர்கோவிலிலோ குற்றாலத்திலோ நீங்கள் பார்த்திருப்பீர்களே, தலையில் குல்லா கவிழ்த்தாற்போல் முடி உள்ள நாட்டுக்குரங்கு. இந்தியாவின் தென்பகுதிக்கே உரிய இனம். அதன் பேன் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி அனிந்தியா சின்ஹா என்ற இந்திய ஆய்வாளர் 1998இல் எழுதியிருக்கிறார். இரண்டு பெண் குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அவை இரண்டையும்விடப் பெரிய பெண் குரங்கு ஒன்று அங்கே வரும். உடனே ஒன்று எழுந்து இடத்தைக் காலி செய்யும். எது? பெரும்பாலும் இரண்டில் சின்னது. வருகிறவள் யார், நான் யார், என் பக்கத்தில் இருப்பவள் யார் என்பதையெல்லாம் ஒரு கணத்தில் கணக்குப் போட்டால்தான் இது முடியும். ஜோன் சில்க் என்ற ஆய்வாளர் இதே இனத்து ஆண் குரங்குகளைப் பார்த்து 1999இல் எழுதினார். சண்டையில் துணைக்கு ஆள் கூப்பிடும்போது, ஆண் குரங்கு தன்னைவிட மட்டுமல்ல, தன் எதிரியைவிடவும் மேலே உள்ளவனைத்தான் தேடிக் கூப்பிடுகிறதாம். அடுத்தவர்கள் இருவருக்கிடையே யார் பெரியவர் என்று தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

(அடுத்த முறை போகும்போது நீங்களும் தள்ளி நின்று கவனியுங்கள். பழம், பொரி எதையும் போட வேண்டாம். போட்டால் அவை உங்களைத்தான் கவனிக்கும், நீங்கள் அவற்றைக் கவனிக்க முடியாது. கடியும் வாங்குவீர்கள்.)

இப்போது என் பெஞ்சுக்குத் திரும்பி வருகிறேன். இந்த விஞ்ஞானிகள் ஒருவர்கூடக் குரங்கைப் பார்த்து 'ஸ்டெப் எங்கே?' என்று கேட்கவில்லை. கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதால் வேறு வழி தேடினார்கள். முதலில், பாடம் மனசில் பதிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார்கள். அடுத்து, யாரும் விடையைக் காட்டிக்கொடுக்க முடியாதபடி ஏற்பாடு செய்தார்கள். பிறகு, பழக்காத புது ஜோடியைக் கொடுத்தார்கள். அதிலும் சரியாகச் சொன்ன பிறகும், 'இதைவிடச் சுலபமான குறுக்கு வழியில் இந்த விடை வந்திருக்குமோ?' என்று மார்க் குரங்கைச் செய்து தாங்களே சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகமும் தீர்ந்த பிறகுதான் குரங்குக்குப் பாஸ் போட்டார்கள்.

என் விஷயத்தில் இத்தனையும் தேவையில்லை. "சரி, உளுந்து மூட்டையும் உப்பு மூட்டையும் இருக்கட்டும். இந்த இன்னொரு ஜோடியைச் சொல்லு பார்க்கலாம்" என்று ஒரே ஒரு புதுக் கேள்வி கேட்டிருந்தால் போதும். அரை நிமிட வேலை. காப்பியடித்தவன் மாட்டியிருப்பான், யோசித்தவன் தப்பித்திருப்பான்.

ஸ்டெப் எழுதவே வேண்டாம் என்று நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லி என்னை மாட்டிவிடாதீர்கள்! ஸ்டெப் எழுதுவது நல்ல பழக்கம். எங்கே தப்பு நடந்தது என்று மற்றவர்களும் நாமும் பார்க்க அது வேண்டும். பரீட்சையில் அதற்கு மார்க்கும் உண்டு. ஸ்டெப் இல்லை என்றால் ஸ்டெப்புக்கு உரிய மார்க்கைக் குறைக்கட்டும், நியாயம். 'திருடன்' என்று சொல்லக் கூடாது. வரிசைப்படுத்தும் திறமைக்குப் பேச்சே தேவையில்லை என்று குரங்கு காட்டிவிட்டது. பேச்சு சரளமாக வராத குழந்தை, கூச்சப்படும் குழந்தை, வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து நம் வகுப்பில் சேர்ந்த குழந்தை எல்லாருமே 'எப்படி?' என்ற கேள்விக்கு விழிப்பார்கள். அவர்களை 'மக்கு' என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பெஞ்ச் மேல் நின்றவன்தான் என்றாலும்.

விடையே சொல்லத் தெரியாமல் நிற்பவனுக்கும் இதில் பங்கு உண்டு. பியாஜே காலத்துக் குழந்தைகளைப் போல, அவனுக்கு முதல் வரி மறந்துபோயிருக்கலாம். இன்னொரு முறை முதல் வரியைச் சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்களேன்!

வீட்டில் நாலு, ஐந்து வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால் இந்த லீவில் ஒரு விளையாட்டு விளையாடலாம். வேறு வேறு நிறத்தில் ஐந்து பாட்டில் மூடிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ரகசிய வரிசை ஒன்றை நோட்டில் எழுதி ஒளித்து வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு மூடிகளை மட்டும் கவிழ்த்து வைத்து, வரிசையில் முந்திய மூடியின் கீழே மிட்டாய் ஒன்று வையுங்கள். இடம் வலம் மாற்றி மாற்றி வைக்க மறக்காதீர்கள். நாலு ஜோடியும் தப்பில்லாமல் வரும்வரை விளையாடுங்கள். ஒரே நாளில் முடியாது, மிட்டாயும் நிறைய வேண்டும். பிறகு இரண்டாவது மூடியையும் நாலாவது மூடியையும் சேர்த்து வையுங்கள். இந்த முறை மட்டும் இரண்டின் கீழும் மிட்டாய் இருக்கட்டும். அப்போதுதான் எதை எடுத்தாலும் 'இதுதான் சரி போல' என்று புதிதாகக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூடிகளை வைக்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். உங்கள் கண் சரியான மூடியின் மேலேயே நிற்கும். உங்கள் தங்கை ஹான்ஸ் குதிரை மாதிரி அதைக் கவனித்துவிடுவாள். வரிசை தெரியாத அண்ணனையோ பாட்டியையோ வைக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு ஆசைக்காக, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்குப் பச்சைதான் பிடிக்கும்" என்று வரலாம். உடனே நம்பிவிடாதீர்கள். பச்சையைக் கடைசி இடத்துக்கு மாற்றிப் புது வரிசை எழுதி, முதலிலிருந்து இன்னொரு முறை விளையாடிப் பாருங்கள்.